பிரெஞ்சு வினைச்சொல்: ஏட்டில் 90, காதில் 12

சென்ற இதழின் மொழிப் பகுதியில் 'பேசு' என்னும் பொருளுடைய 'பார்லே' என்ற பிரெஞ்சு வினைச்சொல்லின் முழு அட்டவணையை, எல்லாக் காலங்களிலும் எல்லா வினைப்பாங்குகளிலும் வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்து இங்கே பதில் தருகிறோம். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருவதால் சில குறிப்புகள் அவசியமாகின்றன. 'நான்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை, புதுவை எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, 'ழ' என்று எழுதியிருக்கிறோம். 'பார்லோன்' போன்ற சொற்களின் இறுதி 'ன்' நாக்கால் ஒலிக்கப்படுவதன்று. மூக்கின் வழியே கரைந்துவிடுவது. 'பார்லே' என்ற நெடிலும் 'பார்லெ' என்ற குறிலும் இங்கே வெவ்வேறு ஒலிகள்: முன்னது இதழை இழுத்துச் சொல்வது, பின்னது வாயைச் சற்று அகலத் திறந்து சொல்வது. பிரெஞ்சு எழுத்துகளைக் குறிக்க, நம் வாசகர்களுக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறோம்.

கேள்வி: பிளஸ் டூவில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்திருக்கிறேன். உங்கள் அட்டவணையைப் பார்த்ததும் மலைப்பாக இருந்தது. ஒரே வினைச்சொல்லுக்கு இத்தனை வடிவங்களா? இவற்றை எப்படி மனப்பாடம் செய்வது? (மாணவி, காரைக்கால்)

பதில்: முதலில் எண்ணிப் பார்த்துவிடுவோம், எண்ணிய பிறகு மலைப்பு குறையும். மரபான இலக்கணத்தின்படி, நடந்ததை நடந்தபடி சொல்லும் 'ஆந்திகாதீஃப்' பாங்கில் 8 காலங்களும், நிபந்தனையைச் சார்ந்த 'கோந்திசியோனெல்' பாங்கில் 2 காலங்களும், விருப்பம், ஐயம் முதலியவற்றைச் சார்ந்து வரும் 'சுப்ழோன்க்தீஃப்' பாங்கில் 4 காலங்களும் உள்ளன. ஒவ்வொன்றிலும் தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஒருமையும் பன்மையுமாக 6 வடிவங்கள் வருவதால் மொத்தம் 84. ஏவலுக்கு 2 காலங்கள், காலத்துக்கு 3 வடிவங்கள், ஆக 90. வினையெச்சமும் பெயரெச்சமும் போன்ற இடம் காட்டாத வடிவங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த 90இல் சரிபாதி, அதாவது 45, கூட்டு வடிவங்கள். 'அவுவார்' என்ற துணைவினையை உரிய காலத்தில் நிறுத்தி, அதன் பின் 'பார்லே' என்ற இறந்தகால எச்சத்தை வைத்தால் அவை தாமாகவே அமைந்துவிடும். 'ழே பார்லே' என்றால் பேசினேன். 'ழவெ பார்லே' என்றால் (அதற்கு முன்பே) பேசியிருந்தேன். 'ழோரே பார்லே' என்றால் பேசியிருப்பேன். 'அவுவார்' எப்படியும் நீங்கள் முதல் மாதத்திலேயே படித்தாக வேண்டிய சொல்; ஆகவே இந்த 45க்காகத் தனியே ஒரு மணி நேரம்கூடச் செலவிடத் தேவையில்லை.

மீதி 45 தனி வடிவங்கள். அவற்றுள் 'பாஸே சாம்ப்ல்' எனப்படும் ஏட்டு இறந்தகாலத்தின் 6 வடிவங்களையும், சுப்ழோன்க்தீஃப் பாங்கின் இறந்தகாலத்துக்குரிய 6 வடிவங்களையும் இன்று யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. எஞ்சுபவை 33. இந்த 33ஐயும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நிகழ்காலத்தில் 'ழ பார்ல்', 'த்யூ பார்ல்', 'இல் பார்ல்', பன்மைப் படர்க்கையிலும் 'இல் பார்ல்'. எழுத்தில் இவை முறையே 'ஈ', 'ஈ-எஸ்', 'ஈ', 'ஈ-என்-டி' என்று முடிந்தாலும் நான்குக்கும் ஒலி ஒன்றே. 'நூ பார்லோன்', 'வூ பார்லே' ஆகிய இரண்டும் மட்டுமே வேறுபடுகின்றன. ஆக 6 வடிவங்களுக்கு 3 ஒலிகள். தொடர் இறந்தகாலமாகிய 'ஆம்பார்ஃபெ'யிலும் அப்படியே: 'பார்லெ' என்ற ஓர் ஒலி நான்கு இடங்களுக்கு, பிறகு 'பார்லியோன்', 'பார்லியே'. எதிர்காலத்தில் 'பார்லரே', 'பார்லரா', 'பார்லரோன்'. கோந்திசியோனெல் பாங்கில் 'பார்லரெ', 'பார்லரியோன்', 'பார்லரியே'. சுப்ழோன்க்தீஃப் நிகழ்காலத்துக்கும் ஏவலுக்கும் புதிய ஒலி ஒன்றுகூடக் கிடையாது. ஏற்கெனவே சொன்னவற்றையே அவை கடன் வாங்குகின்றன. கூட்டிப் பார்த்தால் உங்கள் காதும் வாயும் கற்க வேண்டியவை 12 வடிவங்கள்தாம்.

பாடப்புத்தகங்கள் அட்டவணையைக் கண்ணுக்கு முன்னால் விரிக்கின்றன. பிரெஞ்சுக் குழந்தைகளோ அதை முதலில் காதால் அறிந்து, பள்ளிக்குச் சென்ற பிறகே எழுத்தில் சந்திக்கிறார்கள். நீங்களும் 12 ஒலிகளை முதலில் வாக்கியங்களில் வைத்துப் பழகிவிட்டு, எந்த ஒலிக்கு எந்த இடத்தில் என்ன எழுத்து என்பதைத் தனிப் பயிற்சியாக வைத்துக்கொள்வது நல்லது. தேர்வு எழுத்தில்தான் நடக்கும் என்பதால் அந்த இரண்டாவது பயிற்சியைத் தவிர்க்க முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முற்படுவதுதான் மலைப்புக்குக் காரணம். இன்னொரு செய்தியும் உங்களுக்கு ஆறுதல் தரும். பிரெஞ்சு வினைச்சொற்களில் பத்துக்கு ஒன்பது, 'ஈ-ஆர்' என்று முடியும் இந்த முதல் குழுவைச் சேர்ந்தவை. புதிதாகப் பிறக்கும் வினைகளும் பெரும்பாலும் இங்கேயே வந்து சேர்கின்றன.

கேள்வி: தமிழில் 'பேசினேன்' என்றாலே போதும், 'நான்' வேண்டியதில்லை. பிரெஞ்சிலும் விகுதிகள் இருக்கும்போது 'ழ', 'த்யூ' என்று எழுவாயை ஏன் கட்டாயமாகச் சொல்ல வேண்டும்? நம் பகுபத உறுப்பிலக்கணம் போல அந்த வினைகளைப் பிரித்துக் காட்ட முடியுமா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை)

பதில்: முதல் கேள்விக்கான விடை மேலே சொன்ன ஒலிக் கணக்கிலேயே இருக்கிறது. தமிழில் -ஏன், -ஆய், -ஆன், -ஆள், -ஆர் என்ற விகுதிகள் ஒலியிலும் தெளிவாக வேறுபடுவதால் எழுவாய் தோன்றாமல் நின்றாலும் குழப்பம் வருவதில்லை. பிரெஞ்சின் உடன்பிறப்பான இத்தாலிய மொழியிலும் 'பார்லோ' என்றாலே 'பேசுகிறேன்' என்று விளங்கும். அங்கே எழுவாயைச் சொல்லாமல் விடுவதே இயல்பு. பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்களும் உயிர்களும் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து ஒலியிழந்தன. வெறும் 'பார்ல்' என்று ஒருவர் சொன்னால் பேசுவது நானா, நீயா, அவனா, அவர்களா என்று அறிய வழியில்லை. பழைய பிரெஞ்சில் எழுவாயை விட்டுவிட்டும் எழுதினார்கள். பின்னாளில் இடத்தை உணர்த்தும் பொறுப்பு சொல்லின் இறுதியிலிருந்து சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'ழ', 'த்யூ', 'இல்' ஆகியவற்றுக்கு மாறியது. அன்றாடப் பேச்சில் 'நூ பார்லோன்' என்பதற்குப் பதிலாக 'ஓன் பார்ல்' என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நிகழ்காலத்தில் தனி ஒலியோடு நிற்பது 'வூ' வடிவம் ஒன்றே.

இரண்டாவது கேள்வி தமிழாசிரியர் ஒருவருக்கே தோன்றக்கூடியது. அதற்கு விடை 'முடியும்' என்பதுதான். 'பேசினேன்' என்பதைப் பேசு + இன் + ஏன் என்று பகுதி, இடைநிலை, விகுதியாகப் பிரிக்கிறோம். 'நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்' எனப் பொருள்படும் 'பார்லியோன்' என்பதைப் பார்ல் + இ + ஓன் என்று அப்படியே பிரிக்கலாம். 'பார்ல்' பகுதி, 'இ' தொடர் இறந்தகாலத்தின் இடைநிலை, 'ஓன்' தன்மைப் பன்மை விகுதி. எதிர்காலத்தில் 'பார்லரோன்': பார்ல் + அர் + ஓன். கோந்திசியோனெல் பாங்கில் 'பார்லரியோன்': பார்ல் + அர் + இ + ஓன். இந்தக் கடைசி வடிவத்தைச் சற்று நின்று பாருங்கள். எதிர்காலத்தின் 'அர்' உள்ளே இருக்கிறது. இறந்தகாலத்தின் 'இ'யும் அதன் பின்னாலேயே இருக்கிறது. அந்தப் பாங்கின் பொருளும் அதுதான்: இறந்தகாலத்தில் நின்றுகொண்டு எதிர்காலத்தைப் பார்ப்பது. 'நாளை பேசுவோம் என்று சொன்னோம்' என்பதை மறைமுகக் கூற்றாகப் பிரெஞ்சில் எழுதினால் 'பேசுவோம்' என்ற இடத்தில் இந்த வடிவமே வரும். இதனால்தான் இன்றைய இலக்கண அறிஞர்கள் பலர் கோந்திசியோனெல்லைத் தனிப் பாங்காகக் கருதாமல், ஆந்திகாதீஃப் பாங்கின் காலங்களுள் ஒன்றாகவே சேர்க்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

எதிர்கால விகுதிகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. பிற்கால இலத்தீன் பேச்சில் பழைய எதிர்கால வடிவங்கள் வழக்கொழிந்து, 'பேச இருக்கிறேன்' என்பதைப் போல, வினையோடு 'கொண்டிரு' என்னும் பொருளுடைய துணைவினையைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். அந்த இரண்டும் ஒட்டிப்போய் ஒரு சொல்லானதுதான் பிரெஞ்சு எதிர்காலம். 'அவுவார்' வினையின் நிகழ்கால வடிவங்களாகிய 'ஏ', 'ஆ', 'ஆ', 'அவோன்', 'அவே', 'ஓன்' ஆகியவற்றை எழுதி, 'அவோன்', 'அவே' இரண்டிலும் முன்பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சுபவற்றை 'பார்லே' என்ற முழு வினைப்பெயரின் பின்னால் ஒட்டினால் எதிர்கால அட்டவணை முழுவதும் கிடைத்துவிடும். இப்படி ஒட்டிய வடிவத்துக்கு மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுவது, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஃப்ரெதெகார்' வரலாற்றுக் குறிப்பில் வரும் 'தாராஸ்' என்ற சொல்; 'நீ தருவாய்' என்பது அதன் பொருள்.

கேள்வி: என் பிள்ளைகள் பிரான்சிலேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ், வெளியே பிரெஞ்சு. பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எழுதும்போது 'பார்லே' என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். எனக்கோ பிரெஞ்சு அரைகுறை. நான் எப்படி உதவுவது? (தாயார், பாரிஸ் புறநகர்)

பதில்: உங்கள் பிள்ளைகளின் பிழை, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களும் அன்றாடம் செய்யும் பிழை. 'பார்லே' என்ற ஒரே ஒலிக்கு எழுத்தில் ஏழு வடிவங்கள் உள்ளன. வினைப்பெயராக வந்தால் 'ஈ-ஆர்'. 'வூ'வுக்குப் பின் வந்தால் 'ஈ-இசட்'. இறந்தகால எச்சமாக வந்தால் மேற்கோடிட்ட 'ஈ', அதுவே பெண்பாலாகவும் பன்மையாகவும் மாறும்போது மேலும் மூன்று. ஏட்டு இறந்தகாலத்தின் தன்மை ஒருமையில் 'ஏ-ஐ'. காதை நம்பி எழுதுபவருக்கு இவற்றைப் பிரித்தறிய வழியே கிடையாது.

இதற்குப் பிரெஞ்சுப் பள்ளிகளில் சொல்லித்தரும் ஓர் உத்தி உண்டு; உங்களுக்குப் பிரெஞ்சு முழுதாகத் தெரியாவிட்டாலும் இதை நீங்கள் மேற்பார்வையிடலாம். ஐயம் வரும் இடத்தில் 'பார்லே'யை எடுத்துவிட்டு, 'விற்றல்' என்னும் பொருளுடைய மூன்றாம் குழு வினையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வினைக்கு 'வாந்த்ர்', 'வாந்த்யூ', 'வாந்தே' என்று மூன்று வடிவங்களும் ஒலியிலேயே வேறுபடுகின்றன. 'ழ வே பார்லே' (பேசப் போகிறேன்) என்பதில் 'வாந்த்ர்' பொருந்துகிறது. ஆகவே 'ஈ-ஆர்' எழுத வேண்டும். 'ழே பார்லே' (பேசினேன்) என்பதில் 'வாந்த்யூ' பொருந்துகிறது; ஆகவே மேற்கோடிட்ட 'ஈ'. 'வூ பார்லே' என்பதில் 'வாந்தே' பொருந்துகிறது, ஆகவே 'ஈ-இசட்'. மாற்றிப் போட்ட வாக்கியத்துக்குப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. காதுக்குச் சரியாகப் படுகிறதா என்பதே சோதனை. உங்கள் பிள்ளைகளின் காது பழகிய காது. அது பொய் சொல்லாது.

இதே போன்ற குழப்பம் எதிர்காலத் தன்மை ஒருமைக்கும் கோந்திசியோனெல் தன்மை ஒருமைக்கும் இடையிலும் வரும். முன்னதில் 'ஏ-ஐ', பின்னதில் 'ஏ-ஐ-எஸ்'. 'பார்லரே', 'பார்லரெ' என்ற ஒலி வேறுபாட்டை இன்று பிரான்சில் பலரும் காட்டுவதில்லை. அங்கே 'ழ'வை 'நூ'வாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். 'நூ பார்லரோன்' என்று வாய் தானாகச் சொன்னால் எதிர்காலம். 'நூ பார்லரியோன்' என்று வந்தால் மற்றது.

தமிழில் வளரும் பிள்ளைகளிடம் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கலாம். 'நேரம் இருந்தால் பேசுவேன்' என்று நாம் சொல்லும்போது, நேரம் கிடைக்கக்கூடும் என்ற பொருளும் இருக்கலாம். நேரம் இல்லை, இருந்தால் பேசியிருக்கலாமே என்ற பொருளும் இருக்கலாம். பிரெஞ்சு இவ்விரண்டையும் கலக்க விடாது. முதலாவதற்கு 'இருந்தால்' என்ற பகுதியில் நிகழ்காலமும் 'பேசுவேன்' என்ற பகுதியில் எதிர்காலமும் வரும். இரண்டாவதற்கு முன்பகுதியில் தொடர் இறந்தகாலமும் பின்பகுதியில் கோந்திசியோனெல்லும் வரும். 'நேரம் இருந்திருந்தால் பேசியிருப்பேன்' என்ற மூன்றாவதற்கு, இரண்டு பகுதிகளிலும் அவற்றின் கூட்டு வடிவங்கள். 'ஆல்' என்ற பொருள் தரும் 'சி' என்ற சொல்லை அடுத்து 'ரெ' என்று முடியும் கோந்திசியோனெல் வினை வரக்கூடாது என்பதை, 'சி-க்கு ரெ-யைப் பிடிக்காது' என்று பிரெஞ்சு ஆசிரியர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் தாத்தா பிரெஞ்சில் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் 'நூ பார்லாம்', 'இல் பார்லேர்' போன்ற வடிவங்கள் வருகின்றன. வகுப்பில் இவற்றை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பிழையாக எழுதியிருக்கிறாரா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: உங்கள் தாத்தா பிழையில்லாமல், நல்ல ஏட்டு நடையில் எழுதியிருக்கிறார். அவை 'பாஸே சாம்ப்ல்' காலத்தின் வடிவங்கள். 'ழ பார்லே', 'த்யூ பார்லா', 'இல் பார்லா', 'நூ பார்லாம்', 'வூ பார்லாத்', 'இல் பார்லேர்' என்பது அதன் முழு வரிசை. 'பார்லாம்', 'பார்லாத்' இரண்டிலும் 'ஏ' எழுத்தின் மேல் கூரைபோன்ற குறி இட வேண்டும்.

முடிந்துபோன, இன்றைய நாளோடு தொடர்பறுந்த செயலைச் சொல்ல இந்தக் காலமும், இன்றோடு தொடர்புடைய செயலைச் சொல்ல 'ழே பார்லே' என்ற கூட்டு வடிவமும் ஒரு காலத்தில் பிரிந்து நின்றன. 1660இல் வெளியான போர்-ருவாயால் இலக்கணம், முதல் வடிவத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் செயலுக்கும் பேசும் நேரத்துக்கும் இடையில் குறைந்தது ஓர் இரவாவது கழிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. இன்று காலை பேசியதற்கு ஒன்று, நேற்றுப் பேசியதற்கு மற்றொன்று. பேச்சு மொழி அந்த விதியைக் கட்டிக்காக்கவில்லை. கூட்டு வடிவம் மெல்ல மெல்ல இரண்டு வேலைகளையும் எடுத்துக்கொண்டது. பாஸே சாம்ப்ல் இன்று கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் குழந்தைகளுக்கான தேவதைக் கதைகளிலும் வாழ்கிறது, அதுவும் பெரும்பாலும் படர்க்கை வடிவங்களில். 'நூ பார்லாம்' என்று இன்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். வாசிக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்குப் போதுமானது. தாத்தாவின் கடிதங்களே அதற்கு நல்ல பாடநூல்.

கேள்வி: 'என் அப்பா அடிக்கடி அந்த ஊரைப் பற்றிப் பேசுவார்' என்ற வாக்கியத்தைப் பிரெஞ்சில் எதிர்காலத்தில் எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். 'பேசுவார்' எதிர்காலம்தானே? (மாணவர், புதுச்சேரி)

பதில்: வடிவத்தில் எதிர்காலம், பொருளில் இறந்தகால வழக்கம். முன்பு வாடிக்கையாக நடந்துவந்ததைத் தமிழ் எதிர்கால வடிவத்தால் சொல்லும். பிரெஞ்சில் அதற்குரியது ஆம்பார்ஃபெ, அதாவது 'இல் பார்லெ'. எதிர்காலத்தில் எழுதினால் இனிமேல்தான் அப்பா பேசப்போகிறார் என்றாகிவிடும். 'அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போனேன்' என்பதில் 'பேசிக்கொண்டிருந்த' என்பதற்கும் இதே ஆம்பார்ஃபெதான். 'போனேன்' என்பதற்குக் கூட்டு இறந்தகாலம். தமிழில் 'பேசுவார்', 'பேசிக்கொண்டிருந்தார்' என்று இரண்டாகப் பிரிவது அங்கே ஒன்றாகிவிடுகிறது. தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று துணிந்து சொல்வேன்.

கேள்வி: சுப்ழோன்க்தீஃப் என்பதற்குத் தமிழில் இணையாக ஏதாவது உண்டா? எங்கே பயன்படுத்துவது என்பது எத்தனை முறை படித்தாலும் விளங்கவில்லை. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முழு இணை கிடையாது, ஆனால் அதன் ஒரு மூலையை நம் வியங்கோள் தொட்டுநிற்கிறது. பிரெஞ்சு நாட்டை வாழ்த்தும் 'வீவ் லா ஃப்ரான்ஸ்' என்ற முழக்கத்தில் 'வீவ்' என்பது சுப்ழோன்க்தீஃப் வடிவம். 'வாழ்க' என்பதே அதன் பொருள். 'கில் பார்ல்' என்று தனியே சொன்னால் 'அவன் பேசட்டும்' என்றாகும்.

வாக்கியத்துக்குள் அது எப்போது வருகிறது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: பேசுபவர் ஒன்றை உண்மையென்று அறிவிக்கிறாரா, அல்லது மனத்தில் வைத்து விரும்புகிறாரா, அஞ்சுகிறாரா, ஐயுறுகிறாரா? 'அவன் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும்' என்பது அறிவிப்பு, அங்கே ஆந்திகாதீஃப். 'அவன் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பது விருப்பம், அங்கே சுப்ழோன்க்தீஃப். இடர் எங்கே வருகிறதென்றால், முதல் குழு வினைகளில் இரண்டு பாங்குகளுக்கும் ஒருமை மூன்று இடங்களிலும் பன்மைப் படர்க்கையிலும் வடிவம் ஒன்றே. 'இல் பார்ல்' என்பதைப் பார்த்து எந்தப் பாங்கு என்று சொல்ல முடியாது. அதனால்தான் எத்தனை முறை படித்தாலும் பிடிபடவில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது: நீங்கள் பயிற்சி செய்யும் வினை, நீங்கள் தேடும் வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை. 'நூ', 'வூ' இரண்டிலும் 'பார்லியோன்', 'பார்லியே' என்று மாறுவதை வைத்துப் பழகுங்கள். அல்லது 'இரு' என்னும் பொருளுடைய 'எத்ர்' வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'இல் எ' என்பது 'இல் சுவா' என்று முற்றிலும் மாறிவிடுவதால் பாங்கு பளிச்சென்று தெரியும்.

அளவுகோல் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். 'விரும்புகிறேன்' என்பதற்குப் பின் சுப்ழோன்க்தீஃப் வர, 'நம்பிக்கையோடு எதிர்பார்க்கிறேன்' எனப் பொருள்படும் 'எஸ்பெரே' வினைக்குப் பின் ஆந்திகாதீஃப் வருகிறது. 'அவன் பேசுவதற்கு முன்' என்பதற்குச் சுப்ழோன்க்தீஃப். 'பேசிய பின்' என்பதற்கு ஆந்திகாதீஃப். பின்னதில் நடந்து முடிந்த செயல் என்பதால் விதிக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் பிரெஞ்சுக்காரர்களே பலர் முன்னதன் சாயலில் பின்னதற்கும் சுப்ழோன்க்தீஃப் போட்டுவிடுகிறார்கள். 'பார்லாஸ்', 'பார்லாசியோன்' என்று வரும் அதன் இறந்தகால வடிவங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கோந்திசியோனெல் வினைக்குப் பின் அவற்றுக்குப் பதிலாக நிகழ்கால வடிவம் எழுதினால் தேர்வுகளில் பிழையாகக் கொள்ளக்கூடாது என்று பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் 1901 பிப்ரவரி 26ஆம் நாளே ஆணையிட்டுவிட்டது.

கேள்வி: 'அந்தப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள்' என்பதை 'எல் ஸ சோன் பார்லே' என்று எழுதி, துணைவினை 'எத்ர்' என்பதால் பெண்பால் 'ஈ'யும் பன்மை 'எஸ்'ஸும் சேர்த்தேன். இரண்டையும் ஆசிரியர் நீக்கிவிட்டார். ஏன்? (கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: ஆசிரியர் செய்தது சரி. தன்னையோ ஒருவரையொருவரோ குறிக்கும் வினைகளில் துணைவினை 'எத்ர்' ஆக இருந்தாலும், எச்சம் எழுவாயோடு நேரே இயைவதில்லை. 'ஸ' என்ற சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்பதைப் பார்த்தே இயைகிறது. 'ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்' என்பதில் அது இரண்டாம் வேற்றுமை, செயப்படுபொருள். அங்கே 'ஈ'யும் 'எஸ்'ஸும் சேர வேண்டும். பேசுதல் ஒருவரோடு நிகழ்வது, ஒருவரை அன்று. ஆகவே எதுவும் சேராது. நம் வேற்றுமை உருபு இங்கே நன்றாக வழிகாட்டுகிறது, ஆனால் எப்போதும் அதை நம்பிவிடாதீர்கள். 'அவருக்கு உதவினேன்' என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வதைப் பிரெஞ்சு 'அவரை உதவினேன்' என்பதுபோல நேரடிச் செயப்படுபொருளாகக் கொள்ளும்.

'அவுவார்' துணைவினையாக வரும்போதும் இந்தச் செயப்படுபொருள் விதி தலைகாட்டும். 'அவள் பல மொழிகளைப் பேசினாள்' என்பதில் எச்சம் மாறாது. 'அவள் பேசிய மொழிகள்' என்று செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால், மொழி பிரெஞ்சில் பெண்பால், பன்மை என்பதால் எச்சத்தில் 'ஈ-எஸ்' சேரும். 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் க்ளெமான் மாரோ, இத்தாலிய மொழியை முன்மாதிரியாகக் காட்டிச் செய்யுளில் எடுத்துரைத்த விதி இது. பிரெஞ்சு மாணவர்கள் இன்றைக்கும் அவரை மனத்துக்குள் நொந்துகொள்கிறார்கள்.

கேள்வி: ஏவலில் 'பார்ல்' என்பதற்கு 'எஸ்' இல்லை. ஆனால் 'அதைப் பற்றிப் பேசு' என்பதில் 'எஸ்' வருகிறதே? (வாசகர், திருச்சி)

பதில்: ஒலிக்காகத்தான். 'அதைப் பற்றி' என்னும் பொருளுடைய 'ஆன்' உயிரில் தொடங்குவதால், நாம் உடம்படுமெய் சேர்ப்பதைப் போல அவர்கள் 'எஸ்' சேர்த்துப் 'பார்ல்ஸான்' என்கிறார்கள். 'பேசுகிறானா?' என்பதற்கான 'பார்ல்தில்' என்பதில் இடையே வரும் 'டி'யும் அவ்வகையே.

கேள்வி: 'பார்லே' எப்போதுமே ஒழுங்கான வினையாகத்தான் இருந்ததா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை. பிற்கால இலத்தீனின் 'பராபொலாரே' என்ற வினையிலிருந்து வந்த இச்சொல், பழைய பிரெஞ்சில் இரண்டு பகுதிகளைக் கொண்டிருந்தது. அழுத்தம் பகுதியின் மேல் விழுந்த இடங்களில் அது தேயாமல் நின்றது: 'ழ பரோல்', 'த்யூ பரோல', 'இல் பரோல'. அழுத்தம் விகுதிக்குச் சென்ற 'நூ', 'வூ' வடிவங்களில் நடு உயிர் விழுந்து 'பார்லோன்', 'பார்லே' என்றாயிற்று. பின்னர் மக்கள் இரண்டு பகுதிகளை வைத்துக்கொள்ள விரும்பாமல் குறுகிய பகுதியையே எல்லா இடங்களுக்கும் பரப்பினார்கள். நீண்ட பகுதி 'பேச்சு' எனப் பொருள்படும் 'பரோல்' என்ற பெயர்ச்சொல்லில் தங்கிவிட்டது. 'நேசி' என்னும் பொருளுடைய 'எமே' வினையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே 'நூ அமோன்' என்ற வடிவம் தோற்று, 'ழ எம்' என்பதன் பகுதியே எல்லா இடங்களுக்கும் பரவியது. பழைய பகுதியைக் காதலைக் குறிக்கும் 'அமூர்' என்ற சொல்லில் இன்றும் காணலாம். எல்லா வினைகளும் ஒரே நேரத்தில் இப்படிச் சமன்பட்டுவிடவில்லை. 'கண்டுபிடி' எனப் பொருள்படும் 'த்ரூவே' வினையின் பழைய 'த்ரோவ்' வடிவத்தை, 'விதவை' என்பதற்கான 'வோவ்' என்ற சொல்லோடு இயைபுத் தொடையாக, 1666இல் அரங்கேறிய தம் நாடகமொன்றில் மொலியேர் பயன்படுத்தியிருக்கிறார்.